சத்தம் குறைத்துப் பார்த்த செய்தி

"தம்பி, இது இண்டைக்கு வந்ததோ?" என்று அக்கா கேட்டார்.

"ஆமாக்கா, இன்னிக்கு வந்ததுதான்" என்று நான் சொன்னேன்.

கையில் இருந்த ஸ்க்ரூடிரைவரைக்கூடக் கீழே வைக்காமல் சொன்ன பதில் அது. என் தொழிலில் ஒரு நாளைக்கு நூறு தடவை அப்படிச் சொல்வோம். 'லைன் வந்துடுமா?' 'வந்துடும்.' 'ஆள் அனுப்பிட்டியா?' 'வந்துக்கினே இருக்கான்.' வாய்க்கும் மண்டைக்கும் சம்பந்தமே இருக்காது. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை சொன்ன 'ஆமா'வைத் திரும்ப வாங்க எனக்கு வெள்ளிக்கிழமை வரை ஆனது. அதற்குள் அக்கா தன் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார் என்று நம்பி, மறுநாள் நடக்க இருந்த அவருடைய எட்டாம் நாள் காரியத்தை நிறுத்திவிட்டார்.

இரண்டாயிரத்து ஒன்பதில் நான் கும்மிடிப்பூண்டியில் கேபிள் ஆபரேட்டர். பஜாரில் ஒரு அரிசிக் கடை மாடியில் என் கன்ட்ரோல் ரூம். மொட்டை மாடி முழுக்க டிஷ், உள்ளே சுவர் முழுக்கப் பெட்டி. ஒரு பெட்டிக்கு ஒரு சேனல். எந்தப் பெட்டியில் எந்த வயரைச் சொருகுகிறேனோ அதுதான் ஊருக்குச் செய்தி. இதை நான் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன், என்ன செய்ய? திட்டு வாங்குவதும் நான்தான். திரை அரை நிமிடம் கறுப்பாகிவிட்டால் போதும், போன் அலற ஆரம்பிக்கும். 'இன்னாடா, தூங்கினு கீறியா?' என்று ஆரம்பித்து என் அம்மா வரைக்கும் போவார்கள். அதனால் தொழிலுக்கு வந்த முதல் வாரத்திலேயே ஒன்று கற்றுக்கொண்டேன். எது வந்தாலும் வராவிட்டாலும் திரையைக் கறுப்பாக விடக் கூடாது. சிக்னல் போய்விட்டதா, கையில் இருக்கும் பழைய படத்தைப் போடு, இல்லையா, தீமிதி கேசட்டைப் போடு. படம் ஓடிக்கொண்டே இருந்தால் ஜனம் சும்மா இருக்கும்.

பெரிய சேனல்கள் எல்லாம் சென்னையில் இருந்த ஒரு நெட்வொர்க்கில் இருந்து எனக்கு வரும். எந்தச் சேனல் எந்த நம்பரில் வர வேண்டும் என்று அவர்கள்தான் சொல்வார்கள். கோட்டையில் யார் இருக்கிறார்களோ அவர்களுக்கு வேண்டிய சேனல் முன்னால் பளிச்சென்று தெரியும். வேண்டாதவர்கள் சேனல் கடைசியில், எறும்பு மொய்க்கிற மாதிரி படம் புள்ளி புள்ளியாகத் தெரிகிற நம்பரில் கிடக்கும். "அத்தை பின்னாடி தள்ளு, இத்தை முன்னாடி போடு" என்று போன் வந்தால் தள்ளுவேன், போடுவேன். ஏன் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. டில்லி சர்க்கார் சேனலைச் சட்டப்படி கட்டாயம் காட்ட வேண்டும். காட்டினேன். யாரும் பார்க்கவில்லை.

தொழிற்பேட்டையில் ஒரு உருக்காலைக்கு உலை பொருத்த வந்த சீனாக்காரர்கள் கெஸ்ட் ஹவுசில் தங்கியிருந்தார்கள். அவர்கள் நாட்டு சர்க்கார் சேனலை அவர்களுக்கென்று தனியாக ஒரு டிஷ் வைத்துப் பிடித்துக் கொடுத்தேன். அதில் எப்போது பார்த்தாலும் பெரிய மண்டபத்தில் யாராவது கைதட்டிக்கொண்டே இருப்பார்கள். "நியூஸ் குட்டா?" என்று ஒருவரிடம் கேட்டேன். அந்த ஆள் விழுந்து விழுந்து சிரித்தார். வானிலை வரும்வரை காத்திருந்து, மழை மேகப் படம் வந்ததும் அதைக் காட்டி, "திஸ், ட்ரூ" என்றார். அந்தக் கூத்தை நான் டீக்கடையில் பல நாள் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அக்காவுக்கு வருகிறேன். இலங்கையில் இருந்து வந்தவர்களுக்கான முகாம் எங்கள் ஊரில் பல வருடமாக இருக்கிறது. வரிசை வரிசையாகச் சின்ன வீடுகள். முகாமுக்குப் போகிற என் கேபிள் லைனுக்கு நடுவழியில் ஒரு ஆம்ப்ளிஃபயர் வைக்க வேண்டியிருந்தது. சிக்னலை ஏற்றிவிடுகிற பெட்டி, அவ்வளவுதான். அதற்கு யாராவது ஒருவர் வீட்டில் இருந்து கரண்ட் வேண்டும். கரண்ட் கொடுக்கிற வீட்டுக்குக் கேபிள் இலவசம், இது எல்லா ஊரிலும் வழக்கம். இங்கே கரண்ட் கொடுத்தவர் அக்கா. பெட்டி அவர் வீட்டு வாசல் சுவரில்தான் தொங்கியது. பிளக்கைப் பிடுங்கினால் மொத்த முகாமுக்கும் படம் போய்விடும்.

அவருக்கு நாற்பது வயது இருக்கும். ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. இரண்டு பெண் பிள்ளைகளோடு மூன்று வருடத்துக்கு முன்னால் படகில் வந்தவர். கணவர் வரவில்லை. அவருடைய தாய் படுத்த படுக்கை. 'அம்மாவைக் கடைசியா வழியனுப்பிப்போட்டு வாறன்' என்று சொல்லி அங்கேயே தங்கிவிட்டார். வாரம் ஒரு தடவை போன் வரும். அங்கே போர் முற்றிய பிறகு அதுவும் நின்றுபோனது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் டிவி அணைந்தே நான் பார்த்ததில்லை. எந்தச் சேனலும் ஒழுங்காக ஒன்றையும் சொல்லவில்லை. டில்லிச் சேனல் கிரிக்கெட்டுக்குப் பிறகு ஒரு வரி சொல்லும். எங்கள் ஊர்க் கட்சிச் சேனல்கள் தேர்தல் நேரம் என்பதால் மாறி மாறி அழுதன. இவர் உண்ணாவிரதத்தை அவர் காட்ட மாட்டார், அவர் ஊர்வலத்தை இவர் காட்ட மாட்டார். வெளிநாட்டில் இருந்து வந்த ஒரு தமிழ்ச் சேனல் காயம் பட்டவர்களையும் இறந்தவர்களையும் மட்டும் காட்டிக்கொண்டே இருந்தது. அதைக் கொஞ்ச நாள் முகாமுக்கு விட்டேன். முகாமைக் கவனிக்கிற போலீஸ்காரர் மாடி ஏறி வந்துவிட்டார்.

"ஃபாரின் சேனல் எதுனா இந்த லைன்ல போச்சுன்னு தெரிஞ்சுது, ரூமை சீல் வெச்சிட்டுப் போய்க்கினே இருப்பேன். இன்னா, புரிதா?" என்றார். ஒரு பேப்பரில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். அன்று மாலையே அந்த வயரைப் பிடுங்கினேன்.

மறுநாள் அக்கா வந்து நின்றார். பழைய பெரிய டிஷ்ஷைக் கொஞ்சம் திருப்பினால் இலங்கை அரசாங்கத்தின் டிவி கிடைக்கும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அதைப் போடச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அக்கா, உங்க ஆளுங்களே என்னை அடிச்சிப் போட்டுடுவாங்க."

"உயிரோட வாற சனத்தை எங்கட ஆக்கள்ர சேனல் காட்டுறேல்லை. செத்த சனத்தை அவங்கட டிவி காட்டுறேல்லை. எனக்கு ரெண்டும் வேணும் தம்பி."

அந்தச் சேனலின் தமிழ்ச் செய்தியில் தினமும் ஒரே காட்சி. தண்ணீரில் இறங்கி, மூட்டையும் குழந்தையுமாகச் சனங்கள் ராணுவத்தின் பக்கம் வந்து சேர்வார்கள். பிஸ்கட் கொடுப்பார்கள், தண்ணீர் பாட்டில் கொடுப்பார்கள், கேமரா அதையே சுற்றிச் சுற்றி வரும். அவர்கள் ஏன் அப்படி வந்தார்கள், எதில் இருந்து ஓடி வந்தார்கள், அதெல்லாம் கிடையாது. ஆனால் முகங்கள் இருந்தன. அக்காவுக்கு அது போதும். தவிர, அதுவும் வெளிநாட்டுச் சேனல்தான். போலீஸ்காரரின் பேப்பர் என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. இருந்தும், சினிமாவும் உள்ளூர் விளம்பரமும் போட நான் வைத்திருந்த வீடியோ சேனலில் அந்தச் செய்தி நேரத்தை மட்டும் சொருகினேன்.

முதல் நாள் முகாமில் பெரிய ரகளை. "கொல்லுறவன்ர டிவியை எங்கட வீட்டுக்க விடுறியோ?" என்று ஒரு பெரியவர் என் சட்டையைப் பிடித்தார். அக்காதான் நடுவில் புகுந்தார். "சத்தத்தை நிப்பாட்டிப்போட்டுப் பாருங்கோ. வாய்தான் பொய் சொல்லும். முகத்தை மட்டும் பாருங்கோ" என்றார்.

அன்றில் இருந்து அது முகாமின் பழக்கமாகிவிட்டது. செய்தி நேரத்தில் நான் அந்த வழியாகப் போயிருக்கிறேன். எல்லா வீட்டிலும் டிவி ஓடும், ஒரு வீட்டில் இருந்தும் சத்தம் வராது. ஃபேன் ஓடுகிற ஓசை மட்டும் கேட்கும். யாரும் இருமக்கூட மாட்டார்கள். திடீரென்று ஏதாவது ஒரு வீட்டில் இருந்து 'ஐயோ, பெரியம்மா!' என்று ஒரு குரல் கிளம்பும். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தத் தெருவில் வண்டியை வேகமாக ஓட்ட எனக்குப் பயமாக இருந்தது.

அந்த வருடம் மின்வெட்டு வேறு. பகலில் இரண்டு மணி நேரம், அது போதாதென்று செய்தி நேரத்திலும் பாதி நாள் கரண்ட் இருக்காது. என் ரூமில் பேட்டரி இருந்தது. அதனால் செய்தியை டிவிடி ரெக்கார்டரில் பதிந்து, முகாமுக்குக் கரண்ட் வந்ததும் திரும்பப் போட ஆரம்பித்தேன். ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும் அதன் உறையிலும் ஸ்கெட்ச் பேனாவால் தேதி எழுதி அடுக்கி வைப்பேன். நல்ல காரியம் செய்கிறோம் என்று எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் திமிர் இருந்தது, மறைப்பானேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பையனுக்கு மொட்டை போடப் பெரியபாளையம் போய்விட்டோம். முந்தின நாளே 'நாளைக்கு மறு ஒளிபரப்பு இல்லை' என்று முகாமில் சொல்லிவிட்டேன். ரெக்கார்டரில் நேரம் செட் செய்து வைத்திருந்தேன், அது தானாகப் பதிந்தது. அன்று மாலை முகாமில் கரண்ட் இல்லை. அந்த டிஸ்க்கை யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. திங்கட்கிழமை அதன் மேல் தேதியை எழுதி அடுக்கில் வைத்துவிட்டேன்.

அந்த வாரச் சனிக்கிழமை அக்காவுக்குச் செய்தி வந்தது. கனடாவில் இருக்கும் சொந்தக்காரர் போன் செய்தார். கணவர் ராணுவத்தின் பக்கம் வந்து சேர்ந்ததும் காய்ச்சலும் காயமுமாக ஆஸ்பத்திரியில் போட்டிருக்கிறார்கள். புதன்கிழமை இறந்துவிட்டார். அதே வார்டில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் சொல்லி, அது சுற்றிச் சுற்றி வந்த செய்தி. முகாம் பெண்கள் கூடிவிட்டார்கள். வருகிற புதன் எட்டாம் நாள் என்று முடிவு செய்தார்கள். அக்கா அழவில்லை. "உடம்பை ஆர் கண்டது? பேரைத்தானே சொல்லியினம். அந்தப் பேரில எத்தினை பேர்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாராம். பொட்டையும் அழிக்க விடவில்லை.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. அந்த நாலு நாளும் நான் தொழிற்பேட்டைப் பக்கம் புது லைன் இழுத்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெரிய டிஷ்ஷில் இருந்த சிக்னல் பெட்டி வெயிலில் செத்துவிட்டது. மாற்று வாங்கச் சென்னைக்குப் போக வேண்டும். செய்தி நேரம் நெருங்கிவிட்டது. முகாமில் இருந்து போன் மேல் போன். திரை கறுப்பாக இருக்கிறது! எனக்கு எரிச்சல் பிடுங்கித் தின்றது. அடுக்கில் கைவிட்டு, வந்த டிஸ்க்கை எடுத்துச் சொருகினேன். தண்ணீரில் சனங்கள் நடந்து வந்தார்கள். தினமும் வருகிற மாதிரியேதான் இருந்தது. எல்லாம் ஒண்ணுதானே, யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன். போன் நின்றது. நான் டிஷ்ஷைக் கழற்றப் போய்விட்டேன்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அக்கா மாடிப்படியில் ஓடி வந்தார். காலில் செருப்பு இல்லை. மூச்சு இறைக்க நின்று அந்தக் கேள்வியைக் கேட்டார். நானும் அந்தப் பதிலைச் சொன்னேன். அவர் அப்படியே படியில் உட்கார்ந்து, வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு சிரித்தாரா அழுதாரா என்று தெரியாத ஒரு சத்தம் போட்டார்.

"வடிவாக் கண்டனான் தம்பி. இடுப்பில நீலச் சாரம், கையில ஒரு மஞ்சள் தண்ணிக் கான். இடக்காலைச் சாய்ச்சுத்தான் நடப்பார், அதே நடை. புதன்கிழமை செத்துப்போனார் எண்டு சொன்னவை. இண்டைக்குத்தானே நடந்து வாறார்!"

அப்போதுதான் அவர் பெரிய மகள் பின்னாலேயே ஓடி வந்து, நடந்ததையெல்லாம் எனக்குச் சொன்னாள். சனிக்கிழமை வந்த போன், நாளைய காரியம், எல்லாம். நான் திரும்பி ரெக்கார்டரைப் பார்த்தேன். அதன் மேல் டிஸ்க்கின் வெறும் உறை கிடந்தது. அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர்கள் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

அவர்கள் போன பிறகு டிஸ்க்கை வெளியே எடுத்துத் தேதியைப் பார்த்தேன். ஒன்பது நாளைக்கு முந்தைய ஞாயிறு. என் கையெழுத்து. திரும்பப் போட்டு, காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். 'இன்று ஞாயிற்றுக்கிழமை காலை முதல்' என்றுதான் அந்தச் செய்தி ஆரம்பித்தது. ஞாயிறு வந்தவர், புதன் இறந்தவர். போனில் வந்த செய்தியோடு எல்லாம் பொருந்திவிட்டது.

புதன்கிழமை போயிருக்கலாம். போகவில்லை. கோழை என்றால் கோழைதான். போய்ச் சொன்னால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று ஒரு பயம், முகாமில் உதை விழும் என்று ஒரு பயம், விஷயம் பெரிதானால் போலீஸ்காரர் காதுக்குப் போகும் என்று இன்னொரு பயம். மூன்றில் எது பெரியது என்று இன்று கேட்டால், கடைசியில் சொன்னதுதான். எட்டாம் நாள் காரியம் நடக்கவில்லை. அக்கா முகாம் முழுக்கச் சர்க்கரை கொடுத்தார் என்று லைன்மேன் வந்து சொன்னான்.

வியாழக்கிழமை அக்காவே வந்துவிட்டார். புதுப் பொட்டு. கையில் ஒரு மனு, பெரிய மகளின் அழகான கையெழுத்தில். திருவள்ளூர் கலெக்டர் ஆபீசில் கொடுக்கப் போகிறாராம். என் கணவர் செவ்வாய்க்கிழமை பாதுகாப்பாக வந்து சேர்ந்தார், டிவியில் காட்டினார்கள், இறந்ததாகச் சொல்லப்படுவது வேறு ஆள், விசாரித்து எங்களோடு சேர்த்துவைக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அடியில் ஒரு இடம் விட்டிருந்தார்கள்.

"நீங்கள் ஒரு கையெழுத்துப் போட்டால் நல்லம் தம்பி. அண்டைக்கு ஒளிபரப்பினது எண்டு. அப்பதான் அவை நம்புவினம்."

பேனாவை நீட்டினார். என் கை போகவில்லை. போட்டால் பொய்ச் சாட்சி, போலீசுக்கும் நானே எழுதிக் கொடுத்த மாதிரி. போடாவிட்டால் காரணம் சொல்ல வேண்டும்.

"கையெழுத்தோட சீலும் வெக்கணும், அது ஊட்ல கீதுக்கா. நாளைக்குக் கொண்டாந்து போட்டுத் தரேன்" என்றேன். இன்னொரு பொய். அவர் நம்பினார், நன்றி வேறு சொன்னார்.

வீட்டுக்கு வந்து சோற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மனைவி பள்ளிப்பட்டுக்காரி. அவளிடம் எதையும் அதிக நேரம் மறைக்க முடியாது.

"இன்னாய்யா, மூஞ்சி இப்படி கீது?"

சொன்னேன். கரண்டியைத் தட்டில் போட்டாள்.

"எங்க நைனா செத்தப்ப நான் புள்ளைத்தாச்சின்னு எங்க அண்ணன் ரெண்டு நாள் சொல்லாம வெச்சான். நல்லதுக்குத்தான் செஞ்சேன்னான். இன்னிக்கு வரைக்கும் அவன் ஊட்டு வாசப்படி மிதிச்சேனா நானு? அந்தப் பொம்பளைக்கு நீ இன்னா பண்ணிக்கினு கீற? நாளைக்குக் காலீல போற. நீ போகலேன்னா நான் போறேன்."

வெள்ளிக்கிழமை காலை டிவிடி பிளேயரை வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு முகாமுக்குப் போனேன். வாயால் சொன்னால் நம்ப மாட்டார், போட்டுக் காட்ட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளே நுழைந்து பிளேயரை இறக்கி வைத்ததும் கரண்ட் போனது. வாசல் சுவரில் ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு அணைந்தது. இனி இரண்டு மணி நேரம்.

"என்ன தம்பி, மிசினெல்லாம் கொண்டுவந்திருக்கிறீங்கள்?"

"ஒண்ணு காட்டணும்க்கா. கரண்ட் வரட்டும்."

"அவரைத்தானே? உங்களுக்குச் சரியான நல்ல மனசு" என்று சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போனார்.

அந்த இரண்டு மணி நேரத்தை என் எதிரிக்கும் கொடுக்கக் கூடாது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், சட்டைப் பையில் டிஸ்க். அக்கா பேசிக்கொண்டே இருக்கிறார். அவர் வந்தால் படுக்க இடம் வேண்டும், இந்தச் சேலையை இழுத்துக் கட்டி இந்தப் பக்கம் பிள்ளைகள், அந்தப் பக்கம் அவர். காலில் ஏதோ காயம் போல இருந்தது, இங்கே சென்னையில் காட்டலாம்தானே? சின்ன மகள் அப்பாவை அடையாளம் கண்டுகொள்வாளோ தெரியாது, வரும்போது அவளுக்கு ஐந்து வயது. நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். சொல், சொல் என்று உள்ளே ஒரு குரல் கத்திக்கொண்டே இருந்தது. வேர்த்துச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. மனு டிவியின் மேல் மடித்து வைத்திருந்தது. "சீல் கொண்டுவந்தனீங்களோ?" என்று ஒரு தடவை கேட்டார். "கரண்ட் வரட்டும்க்கா" என்றேன். சீலுக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம்! அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எழுந்து தேநீர்க் கோப்பையைக் கழுவப் போனார்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

பிளேயரை டிவியில் மாட்டினேன். பழக்க தோஷத்தில் படத்துக்கான மஞ்சள் வயரை மட்டும் சொருகிவிட்டு நிமிர்ந்தேன். சத்தத்துக்கான சிவப்பும் வெள்ளையும் தொங்கிக்கொண்டிருந்தன. குனிந்து அவற்றையும் சொருகினேன்.

"அது ஏன்? உவங்கட பொய்யைக் கேக்கவோ?"

"ஒரு வாட்டி கேளுங்கக்கா. ஆரம்பத்தை மட்டும்."

சத்தத்தை ஏற்றினேன். அந்த வீட்டில் அந்தச் சேனலின் குரல் அதுவரை கேட்டதே இல்லை. ஒரு பெண் குரல், நல்ல தமிழ், நிதானமாக: 'இன்று ஞாயிற்றுக்கிழமை காலை முதல்...' தண்ணீரில் சனங்கள் வந்தார்கள். நீலச் சாரம் வந்தது. மஞ்சள் கான் வந்தது. இடது காலைச் சாய்த்துச் சாய்த்து அவர் நடந்து வந்தார். குரல் பிஸ்கட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

"எந்த ஞாயிறு?" என்று அக்கா கேட்டார். திரையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இப்போ போன ஞாயிறு இல்லக்கா. அதுக்கு முந்தினது. அன்னிக்கு டிஷ் ரிப்பேரு, பழைய டிஸ்க்கைப் போட்டுட்டேன். நீங்க கேட்டப்ப... நான் யோசிக்காம..." உறையில் நான் எழுதியிருந்த தேதியைக் காட்டினேன்.

அவர் அதை வாங்கவில்லை. விரல் விட்டு எண்ணினார். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். நாலாவது விரலில் நிறுத்திவிட்டார். பெரிய மகள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப அண்டைக்கு ஞாயிறே இது உங்கட பெட்டிக்குள்ள இருந்தது."

"ஆமாக்கா. நாங்க கோயிலுக்கு..."

"அண்டைக்கே போட்டிருந்தால் எனக்கு மூண்டு நாள் இருந்திருக்கும் தம்பி. அவர் உயிரோட இருக்கிற மூண்டு நாள். கனடாவுக்குச் சொல்லி, ஆஸ்பத்திரியில ஆரையாவது பிடிச்சு, ஒரு சொல் கதைச்சிருப்பன்." திரையைக் காட்டினார். "உயிரோட இருக்கேக்க காட்டேல்லை. செத்தாப்பிறகு காட்டிப்போட்டு, இண்டைக்கு வந்தது எண்டு சொன்னனீங்கள்."

மன்னிச்சிடுங்கக்கா என்றேன். அது எனக்கே கேட்கவில்லை.

"அவங்கள் வாயைத் திறந்தாப் பொய். கிழமையை மட்டும் சரியாச் சொல்லியிருக்கிறாங்கள்" என்றார். "நாங்கள் சத்தத்தை நிப்பாட்டிப்போட்டு உங்களை நம்பினனாங்கள்."

டிவி மேலிருந்த மனுவை எடுத்து என் கையில் கொடுத்தார். "கொண்டுபோங்கோ. இதில உங்கட சேனல் எல்லாம் எழுதியிருக்கு. உங்களுக்குப் பயமா இருக்கும்." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

பிறகு எழுந்து வாசலுக்குப் போனார். ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைப் பிடித்து இழுத்தார். கரண்ட் வந்ததும் ஓட ஆரம்பித்திருந்த டிவிகள் எதிர் வரிசையில் ஒவ்வொன்றாகக் கறுப்பாவது வாசலில் இருந்தே தெரிந்தது. இரண்டு மூன்று பேர் வெளியே வந்து பார்த்தார்கள். அக்கா பிளக்கோடு நிற்பதையும், நெற்றியில் பொட்டு இல்லாததையும் பார்த்தார்கள். எப்போது அழித்தார் என்று நானே கவனிக்கவில்லை.

"நான் சொல்லுமட்டும் இது எரிய வேண்டாம்" என்றார்.

"சரிக்கா" என்றேன்.

ரூமுக்கு வந்து போனைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மொத்த முகாமுக்கும் திரை கறுப்பு. செய்தி நேரம் வந்தது, போனது. மறுநாளும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். முகாமில் இருந்து ஒருவர்கூடக் கூப்பிடவில்லை.